அண்ணன் வீட்டுத் திருட்டு

"இந்த வீட்டுல ஒரு திருடன் இருக்கான்!"

அண்ணி போட்ட சத்தத்தில், முந்தின நாள்தான் வந்திறங்கிய தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாதி வினிகர் இருந்த பாட்டிலைக் காணோம். பரண்ல கிடந்த காந்தத்தைக் காணோம். போன வாரம், பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சின பலூன் அத்தனையும் போச்சு. இங்கே எதுதான் தங்குது?"

அண்ணன் சட்டைப் பொத்தானை மாட்டுவதிலேயே கண்ணாக இருந்தான்.

"எங்கேயாவது வெச்சுட்டு மறந்திருப்பே," என்றான் மெல்ல.

"ஆமா, எனக்குத்தான் ஞாபகமறதி! பொருளுக்கெல்லாம் கால் முளைச்சு நடந்து போகுது பாருங்க!"

அவன் பையை அணைத்துக்கொண்டு நழுவினான். பைக்குள் பாட்டில் ஒன்று 'களக்' என்றது. தங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அண்ணன் அறிவியல் வாத்தியார். அவன் பள்ளிக்கூடத்தில் 'ஆய்வுக்கூடம்' என்று பலகை மட்டும் ஜோராகத் தொங்குகிறது. உள்ளே ஒரு காலி அலமாரியும் கால் ஆடுகிற மேசையும்தான்.

தங்கை தெருமுனைவரை அவன் கூடவே போனாள்.

"ஏண்ணா, உனக்கு இந்தப் பேச்செல்லாம் தேவையா? பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கேன்."

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். 'போர்டுல படம் போட்டுக் காட்டுங்க, போதும்'கிறாங்க. பிள்ளைங்க தன் கையால செஞ்சு பார்த்தாதானேம்மா நம்பும்?"

"அப்போ அண்ணிகிட்டயே சொல்லு."

"ஐயையோ! அவ தையல் மிஷின் மிதிச்சுத்தான் பாதிக் குடும்பம் ஓடுது. சொன்னா எனக்காகப் புதுசு வாங்கிடுவா. வீட்டுல சும்மா கிடக்கிற பழசைத்தான் நான் எடுக்கறேன். புதுசுன்னா தொடமாட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. ஊரார் பிள்ளைகளுக்காக இப்படிக் கிடந்து அல்லாடுகிற மனுஷனைத் திருடன் என்று கரித்துக்கொட்டுகிறாளே! பாதி பாட்டில் வினிகர் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?

அண்ணியை இன்றைக்கு நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினாள். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

சமையலறையில் அண்ணி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புத்தம்புது மெழுகுவத்திப் பெட்டி. ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள். கொஞ்சம் உருகவிட்டு ஊதி அணைத்தாள். நுனியை லேசாகக் கோணலாக்கி, ஒரு பழைய டப்பாவில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

பட்டப்பகல். ஜன்னல் நிறைய வெயில்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

அண்ணி திருட்டுமுழி முழித்தாள். "வந்துட்டியா? நல்லவேளை, அவரோன்னு பயந்துட்டேன். நாளைக்கு அவருக்கு மெழுகுவத்திப் பாடம்மா."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"எங்கே சொல்றார்! ராத்திரி தூக்கத்துலயே முழுப் பாடத்தையும் நடத்தி முடிச்சுட்டார்."

"அதுக்கு இதை ஏன் கொளுத்தி அணைக்கிறீங்க?"

"முழுசா இருந்தா எடுக்கமாட்டாரே. போன வாரம் அத்தனை பலூனையும் ஒவ்வொண்ணா ஊதிக் காத்தை இறக்கி வெச்சேன். ரெண்டு நாள் தாடை வலி."

தங்கை பொத்தென்று எதிரே உட்கார்ந்தாள். கொண்டுவந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் இல்லை.

"அப்புறம் ஏன் அண்ணி காலையில அந்தக் கத்து கத்தினீங்க?"

அண்ணி அடுத்த மெழுகுவத்தியைக் கொளுத்தினாள்.

"காணோம்னு கத்தலேன்னா, வேணும்னே வெச்சதுன்னு கண்டுபிடிச்சுடுவாரேம்மா. அப்புறம் மனுஷன் எப்படித் திருடுவார்?"