சாமிதுரையின் காலிக் கட்டம்

ஏற்காடு டூர் லிஸ்டில் தன் பெயர் இல்லையென்று சூளைக்கார சாமிதுரை வந்து நின்றார்.

"அப்ப நான் வர வேணாமா பாப்பா?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷமீனாவுக்கு வாயிலிருந்த முறுக்கு இறங்கவில்லை. பதினெட்டு வருஷமாகச் சூளையே கதியென்று கிடக்கிற மனுஷன். செராமிக் கம்பெனி எல்லாரையும் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு டூர் போவது இதுதான் முதல் தடவை. அதற்கென்று ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாராம், விருத்தாசலம் வெயிலில்.

தப்பு அவளுடையதுதான். டேட்டாபேஸில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'குடும்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் எல்லாரும் அந்த ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பஸ்ஸில் அப்படி உட்கார முடியாதே. கட்டத்தைப் பிரித்து, ஆளுக்கொரு வரியாக இறக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக ஒரு க்வெரி எழுதியிருந்தாள்.

பிரித்ததில், கட்டம் காலியாக இருந்தவர்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனார்கள். சாமிதுரை நாற்பத்தெட்டு வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி.

"உங்க குடும்பக் கட்டம் காலியா இருக்குதுண்ணே, அதான் பேரத் தூக்கிடுச்சு. நாளைக்குச் சரியாயிடும், போயிட்டு வாங்க."

க்வெரியில் ஒரே ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, மேசையிலிருந்த குடும்ப விவரப் படிவம் ஒன்றை உருவிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் படிவம் வந்துவிட்டது. உறுப்பினர் பெயர்: கொளஞ்சியம்மாள். உறவு: ஒன்றும் எழுதவில்லை.

ஷமீனாவுக்குத் திக்கென்றது. கொளஞ்சியம்மாள் கிளேசிங் பிரிவில் கப்புகளைப் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கிறவர். அவரும் ஒண்டி ஆள்தான். அவர் பெயரும்தான் லிஸ்டிலிருந்து விழுந்திருந்தது, ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு ஸீட்டுக்காக இந்த மனுஷன் அந்தம்மா பெயரை இழுத்துவிட்டாரே. வெளியே தெரிந்தால் கம்பெனியே சிரிப்பாய்ச் சிரிக்கும். அந்தம்மா நாளைக்கு எப்படி வேலைக்கு வரும்?

அவசர அவசரமாக க்வெரியைத் திருத்தினாள். உதிர்ந்தவர்கள் எல்லாரும் லிஸ்டில் வந்து உட்கார்ந்தார்கள். இனி இந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கிழிக்க எடுத்தபோது அடியில் இன்னொரு படிவம் இருந்தது. கொளஞ்சியம்மாள், கிளேசிங்.

உறுப்பினர் பெயர்: சாமிதுரை.

உறவு: அவரைக் கேட்டுச் சொல்லவும்.