முன்பக்கம் ஒரே ஒரு இடம்

தண்ணீர் வாங்கப் போன டார்லீன் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

கணவர் லாய்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியலில் சொந்த ஊரான சாஸ்கட்டூனில் விமானம் ஏறி வான்கூவர் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்த அலுப்பு அவளுக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இனிமேல்தான் பெரிய பயணம். சியோல் வரைக்கும் போக வேண்டும்.

அவசரத்தில் எடுத்த டிக்கெட். வாலை ஒட்டி, கழிவறைக்குப் பக்கத்தில், நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு இருக்கைகள். இடுப்பு மூட்டு மாற்றிய காலை எங்கே நீட்டுவது என்று லாய்ட் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பவள் மகள் கெல்சிதான். எங்கே இருந்தாலும் போனிலேயே தேடி, அப்பாவுக்கு வழியோரம், அம்மாவுக்கு ஜன்னலோரம் என்று போட்டுவிடுவாள்.

இந்த முறை அவளைப் பார்க்கத்தான் போகிறார்கள். சியோலில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளை ஒரு வேன் இடித்துவிட்டது. தலையில் அறுவை சிகிச்சை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் விரலை அசைத்தாள் என்று நேற்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் லாய்ட் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

விமானம் ஏறும் வாசலில் நின்ற ஊழியப் பெண் அவர் பெயரைக் கூப்பிட்டாள். பிசினஸ் கிளாஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறதாம். அவருக்குத் தருகிறார்களாம். சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. புதுச் சீட்டைக் கையில் வைத்தவள், அந்தக் கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

ஒரே இடம் என்றதும் லாய்ட் மறுத்தார். வேண்டுமானால் டார்லீன் போகட்டும் என்றார்.

"பின்னாடி உக்காந்தா நீயும் தூங்க மாட்ட, என்னையும் தூங்க விட மாட்ட. காலமெல்லாம் உன் குறட்டையை நான் ஒருத்தியே கேட்டாச்சு. இன்னிக்கு முன்னாடி இருக்கற பெரிய மனுசங்க கேக்கட்டும். போ, லாய்ட்."

அவர் சிரித்துவிட்டார். விபத்துச் செய்தி வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். பிசினஸ் கிளாஸ் இருக்கைகளைத் தாண்டிப் பின்னால் நடந்து போயிருக்கிறாரே தவிர, உட்கார்ந்ததில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் படுக்கையாகும் என்று விமானப் பணிப்பெண் பக்கத்தில் மண்டியிட்டுக் காட்டினாள். சாப்பாட்டை வெள்ளைத் துணி விரித்து வைத்தாள். ஐஸ்கிரீம் நன்றாக இருக்கிறது என்றார். கேட்காமலேயே இன்னொன்று கொண்டுவந்தாள்.

அந்தப் பரிவில் மனம் இளகி, அவளிடம் கெல்சியைப் பற்றிச் சொன்னார். விரல் அசைந்ததைச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வேகமாகத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

நடுவில் ஒருமுறை மனைவியைப் பார்த்துவிட்டு வர எழுந்தார். அம்மா நல்ல தூக்கத்தில் இருக்கிறார்கள், எழுப்ப வேண்டாம் என்று வேறொரு பணியாளர் சொல்லிப் படுக்க வைத்துவிட்டார். போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டதும் அவர்தான்.

லாய்ட் தூங்கினார். கனவுகூட வரவில்லை.

விழித்தபோது ஜன்னலுக்குக் கீழே தீவுகள் தெரிந்தன. காலில் வலி இல்லை. டார்லீனுக்கென்று எடுத்து வைத்திருந்த சாக்லேட்டோடு பின்னால் நடந்தார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

அவளுக்கு இருபுறமும் இருக்கைகள் காலியாக இருந்தன. அங்கிருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் மடியில் கிடந்தது.

"தூங்கினியா?" என்று கேட்டாள்.

அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியதாகச் சொன்னார்.

டார்லீன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"கெல்சி போயிட்டா, லாய்ட். வான்கூவர்லயே போன் வந்துருச்சு."

தண்ணீர் வாங்கப் போனபோது வந்த போன். வாசலில் நின்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, தூங்குவதற்கு அவருக்கு ஓர் இடம் கொடுங்கள், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று டார்லீன்தான் கேட்டிருக்கிறாள். அங்கே போய் இறங்கினால் இரண்டு பேரில் ஒருவராவது தெம்போடு நிற்க வேண்டும் என்று நினைத்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி அவளால் மறைத்திருக்கவும் முடியாதாம்.

அந்த விமானத்தில் சீருடை போட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும்தான் தெரியாது. அவர்களிடம் போய் விரல் அசைந்த கதையைச் சொல்லியிருக்கிறார்.

கோபம் வந்தது. கத்துவதற்காகத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கடல் முழுவதையும் அவள் தனியாகக் கடந்து வந்திருந்தாள்.

"இனிமே நீ பாத்துக்க," என்றாள் டார்லீன்.

சொல்லிவிட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். கண்ணீர் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. மூச்சு சீரானது. தூங்கிவிட்டாள்.

விமானம் இறங்கத் தொடங்கியது. அவரை முன்னால் போகச் சொல்லி யாரும் வரவில்லை. அந்தப் பணிப்பெண் வந்து, பெல்ட் கொக்கியில் தடுமாறிய அவர் விரல்களை மெல்ல விலக்கிவிட்டுத் தானே பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

சக்கரம் தரையில் மோதியபோதும் டார்லீன் விழிக்கவில்லை. ஜனங்கள் எழுந்தார்கள், பெட்டிகளை இறக்கினார்கள், வரிசையாக வெளியே போனார்கள். விமானம் காலியானது.

பணிப்பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

லாய்ட் தோளை அசைக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். இன்னும் கொஞ்ச நேரம் என்று காட்டினார்.