கறுத்த பில்டர்

டூங்கபியில் ஜூலை குளிர்காலம்; காலை வெயில் குசினிக் கதிரை வரைதான் வருகிறது. நிலத்தடிச் சூட்டை வீட்டுக்குள் இழுக்கும் மெசினைச் சர்வீஸ் செய்ய வந்த சயந்தினி மூடியைக் கழற்றுகிறாள். மே மாதம் காலமான என் கணவர் தோட்டமெல்லாம் தோண்டிக் குழாய் புதைத்துப் பூட்டிய மெசின். சில வாரமாகக் காற்றில் சூடில்லை. இதுவும் போய்விட்டதோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் காற்றை வடிகட்டும் பில்டரை உருவுகிறாள்; தோசைக்கல் போலக் கறுத்திருக்கிறது. “அன்ரி, வீட்டுக்குள்ள என்ன எரிச்சனீங்கள்?” “அங்கிளின்ர முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு ஐயர் ஓமம் வளர்த்தவர். குளிரெண்டு கதவெல்லாம் பூட்டினனாங்கள்.” “மெசினையும் ஓடவிட்டோ?” “ஓம்.” அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறாள். “மெசினுக்கு ஒண்டுமில்லை. புகைதான் அடைச்சது.” புதுப் பில்டர் போட்டதும் முதற்காற்றில் சாம்பிராணி மணக்கிறது, பிறகு வெறும் சூடு. காலுறைகளைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் காற்று வரும் தரைத் துவாரத்தின்மேல் வைக்கிறேன்.