மாதிரி நிலம்

நல்ல மண்ணைத் தோண்ட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, அஞ்சலாட்சி வருஷம் தவறாமல் உரத்துக்காக வயலில் ஆட்டுக்கிடை போட்டாள். தழை உரத்துக்குச் சணப்பு விதைத்து, பூக்கும்போதே மடக்கி உழுதாள். நிலக்கரிக்காரர்கள் நிலத்தை அளந்து வரப்பில் நட்டிருந்த அளவைமுளை ஒருநாள் வாய்திறந்து சொன்னது: “வட்டாரத்திலேயே சிறந்த மண். இந்த நிலம் தோண்டப்படாது.” அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள்.

சுற்றியிருந்த கொல்லைகளெல்லாம் குழியாகிப் போக, அவள் நிலமும் வீடும் நடுவில் மேடாக நின்றன. வெளியே போக ஒரே பாலம். பொழுது சாய்வதற்குள் அவள், கணவன், மகள் மூன்று பேரும் திரும்பிவிட வேண்டும் என்றார்கள் நிலக்கரிக்காரர்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

இன்று அந்தப் பாலத்தைக் கடந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மகள் வெண்ணிலாவுக்குப் பூ வைத்தாயிற்று. தட்டு மாற்றப் போகும்போது முளை பேசியது.

“இது மாதிரி நிலம். சுரங்கத்தை மூடும்போது இதைப் பார்த்துத்தான் பழையபடி ஆக்குவோம். அதுவரை மண், நீர், பயிர், குடியிருப்போர் எதுவும் மாறக் கூடாது. பதிவில் இருப்பவர்கள் மூவர். ஒருவர் குறைய அனுமதி இல்லை.”

“எம் புள்ள இங்கயே வந்து இருந்துட்டா?” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

“ஒருவர் கூடவும் அனுமதி இல்லை.”

“அப்ப எப்பதாம்மா பொண்ண அனுப்புவீங்க?”

அஞ்சலாட்சி குழியைக் காட்டினாள். “அது எங்க மண்ணு மாதிரி ஆனதும்.”

அந்த அம்மாள் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தாள். அடி தெரியவில்லை. திரும்பி வந்து தன் தட்டை எடுத்துக்கொண்டாள். வெண்ணிலாவின் தலையில் வைத்த பூவை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.