முதல் சிவப்பு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் எதைச் செய்ய நினைத்தாலும் கீழ்த்தளத்துத் திரையில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் போனில் பச்சையோ சிவப்போ அழுத்த, அது அவரவர் பெயரோடு திரையில் விழும். சிவந்ததைச் செய்யக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் செய்ததில்லை.

கணவனை இழந்த கோமளவல்லி, பஸ் டிரைவர் ஆரோக்கியராஜை மணக்க நினைத்தபோது முதல் சிவப்பைப் போட்டவர் சங்கச் செயலாளர் தணிகாசலம். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போட்டார்கள். திரையைக் கண்ட ஆரோக்கியராஜ் பிறகு வரவே இல்லை.

இப்போது மனைவியை இழந்திருந்த தணிகாசலம், மனோன்மணி டீச்சரை மணக்கப்போவதாக அறிவித்தார். பார்த்த மாத்திரத்தில் கோமளவல்லி முதல் ஆளாகச் சிவப்பை அழுத்தினாள். மதியத்துக்குள் திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

சாயங்காலம் அவர் அவள் வாசலில் வந்து நின்றார்.

"நீ பச்சைக்கு மாத்தினா எல்லாரும் மாத்திடுவாங்கம்மா. உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஆரோக்கியராஜை ஞாபகம் இருக்கா அண்ணே?"

அவர் யோசித்தார். "யாரும்மா அது?"

அவரைப் பார்த்ததும் கொஞ்சம் இளகியிருந்த அவள் மனம் மறுபடி இறுகியது.

"தாராளமா கட்டிக்குங்க அண்ணே. உங்க கையை யாரு பிடிச்சா?" என்றாள்.

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் தலையைக் குனிந்தபடி லிஃப்ட் பக்கம் நடந்தார். கோமளவல்லி கதவைச் சாத்தாமல், அவர் மறையும்வரை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.