முப்பது சென்டிமீட்டர் பனி

ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்குத் தளத்துக்குச் சேயோன் தனியொரு காவலனாக இருந்தான். முப்பது சென்டிமீட்டர் பனி படிந்தால்தான் பருவம் திறக்கும். பருவம் திறந்தால்தான் மலைக்குப் பயணிகள் ரயில் ஓடும்; வேறு பாதையில்லை. சென்ற ஆண்டு அவ்வளவு பனி விழவேயில்லை. மூன்றாண்டு ஒப்பந்தம் முடியும்வரை காவலன் கீழே இறங்கவும் கூடாது. திருமணமான ஒன்பதாம் நாள் மேலே வந்தவன், மனைவி ஆரணியைக் கண்டு பதினாறு மாதங்கள் ஆகிவிட்டன.

தினமும் காலையில் பனி அளவுகோலைப் பார்த்துவிட்டு அவளை அழைப்பான்.

"இண்டைக்கு எவ்வளவப்பா?"

"இருபத்தெட்டு."

"ரெண்டு சென்டிமீட்டர்தானே, மண்வெட்டியால அள்ளிப் போடுங்கோவன்!"

"கமெரா பாத்துக்கொண்டிருக்குது. பிடிச்சுச் சிறையில போடுவாங்கள்."

"அங்கையெண்டாலும் நான் வந்து பாக்கலாம்."

மறுநாள் விடியலில் பனி கொட்டியது. அளவுகோல் முப்பதைத் தொட்ட கணமே, பனியைக் காணாது ஏங்கியிருந்த நாடெங்கும் அறிவிப்புப் பறந்தது. சேயோன் முகம் மழித்து, அவளுக்குக் குளிருமே என்று கம்பளிச் சால்வை ஒன்றைக் கையில் மடித்துக்கொண்டு, ரயில் மேடையில் போய் நின்றான்.

ரயில் நிரம்பி வழிந்து வந்தது. சறுக்குக்கட்டைகளும் சிரிப்புமாக அறுநூறு பேர் இறங்கினார்கள். கடைசிப் பெட்டியும் காலியான பிறகு அவனுடைய கைபேசி ஒலித்தது.

"ரயில் ரிக்கெற் எல்லாம் ஒரு நிமிசத்தில முடிஞ்சு போச்சப்பா. இந்தப் பருவம் முழுக்க இடமில்லையாம்." என்றாள் ஆரணி. "பரவாயில்லை. பனி உருகிச் சனம் குறைஞ்சாப் பிறகு வாறன்."

பனி உருகினால் ரயில் ஓடாது என்பது இருவருக்கும் தெரியும்.

"ஓம், அப்ப வாரும்" என்றான் சேயோன்.