இடது கை

ரயில் ஓட்டுநர் மாசிலாமணி அந்தக் காலையைப் பதினோராவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோலவே சொல்ல வேண்டும் என்பது மனநல ஆலோசகர் தெபோராவின் முறை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவன் தண்டவாளத்தைக் கடக்கிறான். மாசிலாமணி ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். இரண்டு வருடமாக அவர் இன்ஜினில் ஏறாததற்கு அது ஒன்றுதான் காரணம்.

“அடிச்சீங்கன்னு உங்க உதவி டிரைவர் எழுதிக் குடுத்திருக்காரே சார்?”

“பாவம் பாத்து எழுதியிருக்கான் மேடம். நான் புள்ளகுட்டிக்காரன், என் வேலை போயிரக் கூடாதுன்னு. என் காதுல ஒரு சத்தமும் இல்ல. ஊமைப்படம் மாதிரிதான் ஓடுது.”

“சரி, சத்தத்த விடுங்க. வலது கை எங்க இருக்கு?”

“பிரேக்ல.”

“இடது கை?”

அவர் மடியில் கிடந்த இடது கை தானாக எழும்பியது. தோள் உயரத்தில், அங்கே இல்லாத ஒரு பிடியைப் பற்றி, இழுத்தது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் தெபோரா தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். மாசிலாமணி கண்ணைத் திறந்து, அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் சார் அடிக்கிறீங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் விடல மேடம்” என்றார். “அவன்தான் திரும்பவே மாட்டேங்கிறான்.”